தேவாலயங்களுக்கு நாம் செலுத்தாத நன்றி

எமது பத்திரிகைகளின் பக்கங்களில் ஏனைய எந்த அறிவித்தலையும் விட ஒழுங்காக இடம்பெறுவது 'நன்றி நவிலல்' என்னும் அறிவித்தலாகும். ஒருவர் மறைந்து முப்பத்தொராம் நாள் நெருங்கியதும் குடும்பத்தினர் கூடியிருந்து பட்டியல் தயாரிக்கின்றனர். நேரில் வந்தோர், தொலைபேசியில் துயர் பகிர்ந்தோர், மலர்வளையம் சாத்தியோர், உணவு சமைத்து அனுப்பியோர், வாகனம் ஓட்டி உதவியோர் என எவரும் விடுபட்டுவிடலாகாதென்று கவலையோடு எழுதுகின்றனர். அப்படியும் எவரேனும் விடுபட்டிருப்பின் மன்னிக்குமாறு இறுதி வரியில் கேட்டுக்கொள்கின்றனர். துயரத்தின் நடுவிலும் கடமை தவறாத இப்பண்பு எமக்குப் பெருமை தருவதே.

ஆயினும், இத்துணை ஒழுங்காக நன்றி நவிலும் ஒரு சமூகம், தன் கண்முன் நிகழ்ந்த மிகப்பெரிய சாவீடு ஒன்றுக்குக் கைகொடுத்தோரின் பட்டியலை இன்றுவரை தயாரிக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையே நாம் கருதுகின்றோம்.

அலை இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியபோது அங்கே டிசம்பர் 26, ஞாயிறு காலை. ரொறன்ரோவிலோ அது நத்தார் இரவு, பத்து மணி அளவு. விருந்து முடிந்து உறங்கச் சென்றவர்களைத் தொலைபேசி மணிகள் எழுப்பின. அன்றிரவு ஸ்காபரோவின் தொடர்மாடிக் கட்டடங்களில் விளக்கணைக்காத வீடுகள் எத்தனை என்பது எம்மவர்க்குத் தெரியும். மட்டக்களப்புக்கும், முல்லைத்தீவுக்கும், வடமராட்சி கிழக்குக்கும் எடுத்த அழைப்புகள் கிடைக்கவில்லை. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. எமது அயலவர்களான கனடியர்கள் வழமைபோல் தமது தேவாலயங்களுக்குச் சென்றனர். செய்தி அவர்களுடன் கூடவே சென்றது. அன்றைய மன்றாட்டிலேயே, முன்னர் அவர்கள் கேள்விப்பட்டிராத எமது கரையோர ஊர்கள் சில இடம்பெற்றிருக்கக்கூடும். அடுத்து வந்த ஜனவரி 2ஆம் திகதி ஞாயிறன்று, வழமையான காணிக்கைத் தட்டோடு தனியான காணிக்கையும் எடுக்கப்பட்டது.

இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப்பெரும் தொகையினர் அம்பாறை மாவட்டத்தவர். கனடிய மக்கள் 2005 ஜனவரி 11ஆம் திகதிவரை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்கு வழங்கிய ஒவ்வொரு டொலருக்கும் ஈடாக அரசும் ஒரு டொலர் வழங்குவதாக அறிவித்தது. மக்கள் கொடுத்த தொகை 20 கோடி டொலரைத் தாண்டியது. மொத்தத்தில் ஐந்தாண்டுகளுக்கு 42 கோடியே 50 இலட்சம் டொலர் ஒதுக்கப்படும் என அன்றைய பிரதமர் போல் மார்ட்டின் அறிவித்தார். கனடியப் படையினரின் இடருதவி அணி அம்பாறைக்குச் சென்று நீரைச் சுத்திகரித்து வழங்கியது. இவை பத்திரிகைகளில் வந்தவை. அரசுக்கு நாம் நன்றி கூறினோம். அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், நகரசபை உறுப்பினர்கள் எமது விழா மேடைகளுக்கு அழைக்கப்பட்டுப் பொன்னாடை போர்த்தப்பட்டனர். பெரிய காசோலைகள் கைமாறும் படங்களை நாமும் முன்பக்கத்தில் வெளியிட்டோம். இக்குற்றத்தில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

அந்த 20 கோடியின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தோரோ சிலரே. கனடாவில் அனர்த்த நிவாரணத்தின் முதுகெலும்பாக நிற்கும் அமைப்புகளில் பல, தேவாலயங்களின் அமைப்புகளாகும். ஐக்கிய திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபையின் நிவாரண நிதியம், பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையின் உலக சேவைப் பிரிவு, லூதரன் உலக நிவாரணம், கத்தோலிக்கரின் 'அபிவிருத்தியும் சமாதானமும்', மெனனைற் மத்திய குழு என அப்பட்டியல் நீளும். இவற்றின் பணம் கோடீசுவரர்களிடமிருந்து மட்டும் வருவதல்ல. வாரந்தோறும் பெயர் எழுதிய சிறு உறையில் ஐந்து டொலரும் பத்து டொலரும் வைக்கும் ஓய்வூதியக்காரரிடமிருந்தும், போர்வை தைத்தும், பழைய உடுப்புக் கடையில் சம்பளமின்றி நின்றும், கேக் விற்றும் சேர்க்கும் மூதாட்டிகளிடமிருந்தும் வருகிறது.

இவர்கள் ஏன் கொடுக்கின்றார்கள்? இக்கேள்விக்கு விடை தேடினால் எமது கதையைப் போன்ற கதைகளே அங்கும் கிடைக்கின்றன. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஸ்பிறிங்ஹில் என்னும் சிற்றூர் உண்டு. 1958 அக்டோபர் 23ஆம் திகதி அங்குள்ள நிலக்கரிச் சுரங்கம் இடிந்தபோது 174 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். அவர்களில் 75 பேர் மாண்டனர். அந்த ஊருக்கு உதவப் புறப்பட்ட அங்கிலிக்கன் திருச்சபையினர், இனிவரும் இடர்களுக்கு நிரந்தரமான ஏற்பாடு வேண்டுமென்று கருதி 1959இல் தமது நிவாரண நிதியத்தை நிறுவினர். தமது சொந்த மண்ணில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு துயரத்திலிருந்தே அது பிறந்தது.

மெனனைற் மக்களின் கதையோ எம்மவர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. இரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பின்னர் உக்ரெயின் பிரதேசத்தில் பட்டினியால் வாடிய தமது உறவுகளுக்கு உணவு அனுப்பவே 1920இல் மெனனைற் மத்திய குழு உருவானது. பின்னர் 1923 முதல் 1930 வரையான காலத்தில் ஏறத்தாழ 20,000 மெனனைற் அகதிகள் கனடா வந்து சேர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோரிடம் கப்பற் செலவுக்கும் ரயில் செலவுக்கும் பணம் இருக்கவில்லை. கனடிய பசிபிக் ரயில்வே நிறுவனம் கடனாக ஏற்றி வந்தது. வறட்சியும் பொருளாதார மந்தமும் வந்து பலர் நொடிந்த போதும், டேவிட் தோவ்ஸ் என்னும் மூதாளர் வீடுவீடாகவும் சபைசபையாகவும் எழுதியும் சென்றும் அக்கடனை வசூலித்தார். இறந்துபோனவர்களின் கடனையும், செலுத்த இயலாதோரின் கடனையும் ஏனையோர் பங்கிட்டுச் செலுத்தினர். 1946இல் முழுக் கடனும் தீர்ந்தது. 'ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசு' என்றால் என்னவென்று அறிந்த எமக்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகமே சுமந்த பயணக் கடனின் பாரம் விளங்காமற் போகாது.

அதே மெனனைற் மத்திய குழுவே 1979 மார்ச் மாதத்தில் கனடிய அரசுடன் தனியார் அகதிப் பொறுப்பேற்பு உடன்படிக்கையை முதன்முதலாகக் கைச்சாத்திட்டது. அடுத்த இரு ஆண்டுகளில் இந்தோசீன நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 60,000 அகதிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை, இப்படிப்பட்ட சபைகளும் அயலவர் குழுக்களுமே பொறுப்பேற்றன. அகதியாக வந்தவன் அடுத்து வரும் அகதிக்குக் கதவு திறந்துவிடுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. தேவாலய அமைப்புகள் பதினைந்து சேர்ந்து நடத்தும் கனடிய உணவுத் தானிய வங்கி 1983இல் வின்னிபெக்கில் தொடங்கப்பட்டது. விவசாயிகள் ஒரு வயலைப் பொதுவில் விதைத்து, விளைந்ததைப் பசித்தோருக்கென்று கொடுப்பது இதன் வழக்கம். முன்னர் கனடிய அரசின் உணவு உதவி நிதியில் 90 வீதத்தைக் கனடாவில் விளைந்த தானியத்துக்கே செலவிடவேண்டும் என்று விதி இருந்தது. இதனால் கனடிய விவசாயிக்கு இலாபம். ஆனால் பசித்தவனுக்குத் தாமதம். ஆழிப்பேரலை வந்தபோது, அண்டையிலேயே அரிசி இருக்க அதை வாங்க விதி இடந்தரவில்லை. இந்த விதியைத் தளர்த்தும்படி வற்புறுத்தியோருள் அந்த உணவுத் தானிய வங்கியும் ஒன்று. 2005இல் 90 வீதம் 50 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2008இல் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. தன் விளைபொருள் விலைபோகாவிடினும் பரவாயில்லை, கேட்பவனுக்குப் பக்கத்து ஊர் அரிசியே போகட்டும் என்று சொன்ன அமைப்பு அது. பணம் கொடுத்ததற்கு நன்றி சொல்வோர் பலர். இதற்கு எவர் நன்றி சொன்னார்?

செய்ந்நன்றி மறவாத இனம் நாம் என்பதில் ஐயமில்லை. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டோல்ற்றனும் ஏனைய மீனவர்களும் மீட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அன்று காப்பாற்றப்பட்டோரிற் சிலர் அந்தத் தீவுக்குத் திரும்பிச் சென்று அவரைக் கண்டு நன்றி கூறினர். அத்தனை தொலைவு சென்று நன்றி கூற முடிந்தமையை நாம் பாராட்டுகின்றோம். ஆனால், பஸ்சில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள தேவாலயத்துக்கு நாம் இன்னும் செல்லவில்லை.

சென்றோம் என்று சிலர் கூறலாம். மெய்தான். எமது பிள்ளைகளின் தமிழ் வகுப்புகளும், நடன ஒத்திகைகளும், புதிதாக வந்தோருக்கான ஆங்கில வகுப்புகளும் நடந்தது தேவாலயங்களின் கீழ்மண்டபங்களிலேயே. ஆனால் அங்கே நாம் பின்வாசலால் நுழைந்து, மண்டபத்தைக் கூட்டிவிட்டு, பின்வாசலாலேயே வெளியேறியவர்கள். ஞாயிறு காலையில் முன்வாசலால் நுழைந்து அந்த மக்களின் முகம் பார்த்தோர் மிகச் சிலர். ஆபத்து வரும்போது மட்டும் வேண்டுகோட் கடிதத்துடன் முன்வாசலைத் தட்டினோம். தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் தத்தம் திருச்சபையினருக்கு நன்றி கூறியிருக்கக்கூடும். அது அவர்களது கடமையென்று ஏனையோர் ஒதுங்கிவிட முடியாது. நிவாரணம் பெற்றவர்களில் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் இருந்தனர். கல்முனையிலும் மருதமுனையிலும் அலை மதம் கேட்டு ஏறவில்லை.

இந்துக்களாகிய எம்மவர் சிலருக்குத் தேவாலயத்துக்குச் செல்வதில் தயக்கம் இருப்பதை நாம் அறிவோம். நிவாரணத்தின் பெயரால் மதம் மாற்ற முற்பட்ட சில சிறு குழுக்கள் மீதான கசப்பு நியாயமானதே. அதை மூடிமறைக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உதவிக்கு மதமோ இனமோ அளவுகோலாகலாகாது என்னும் ஒழுக்கக் கோவை 1994இலேயே செஞ்சிலுவை இயக்கத்தாலும் பெரும் தொண்டு நிறுவனங்களாலும் வகுக்கப்பட்டது. பெரும் திருச்சபைகளின் நிவாரண அமைப்புகள் அவ்வழி நிற்பவை. கத்தோலிக்கரின் கனடியப் பணம் செடெக் வழியாகவும், மட்டக்களப்பில் எகெட், யாழ்ப்பாணத்தில் ஹியுடெக் போன்ற எமது மண்ணின் நிறுவனங்கள் வழியாகவும் சென்றது. இவற்றின் வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. மடு மாதாவின் பெயரால் ஒன்ராறியோவின் மிட்லாண்டில் ஆண்டுதோறும் நடக்கும் யாத்திரையில் திருநீறு அணிந்தோரும் கூடி நிற்பதைக் காணும் எமக்கு, ஒரு ஞாயிறு காலை பின்வரிசையில் அமர்ந்திருப்பது பெரிய காரியமாகாது.

தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதுவே முக்கியமானது. 'நாங்கள் கொடுத்த பணம் என்ன ஆயிற்று?' என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

நல்லது நடந்தது என்று மட்டும் சொல்வதாயின் அது நன்றியாகாது. அது அடுத்த வேண்டுகோளுக்கான முன்னுரையாகிவிடும். நடந்தது இதுதான். முதல் வாரங்களில் பணம் உயிர்களைக் காத்தது. பயந்தது போன்ற கொள்ளை நோய் எதுவும் பரவவில்லை. அதன் பின்னர் கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு கட்டலாகாதென்று அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடலோடு வாழ்ந்தவன் கடலை விட்டு அகன்று கூடாரத்தில் காத்திருந்தான். அவ்விதி பிற்பாடு தளர்த்தப்பட்டபோது காலம் வீணாகியிருந்தது. உதவியைப் பங்கிட 2005 ஜூன் 24இல் கைச்சாத்திடப்பட்ட பொதுக்கட்டமைப்பு, மூன்று வாரங்களில் உயர் நீதிமன்றின் இடைக்காலத் தடையால் முடங்கியது. சில இடங்களில் மீன்பிடிக்காதவனுக்கும் படகு கிடைத்தது. சில இடங்களில் மீனவனுக்கே கிடைக்கவில்லை. 2006இல் போர் மீண்டும் மூண்டது. 2009இல் முல்லைத்தீவுக் கரை போரின் இறுதிக் களமானது. அலைக்குத் தப்பி, அந்நியர் பணத்தில் கூரை பெற்ற குடும்பங்கள் அக்கூரையையும் விட்டு ஓடின.

அந்த வீட்டுக்கு ஓடு வாங்கிக் கொடுத்த மூதாட்டி ஒருத்தி ரொறன்ரோவின் ஏதோவொரு தெருவில் இருக்கிறாள். அவள் கொடுத்ததற்கு என்ன நேர்ந்தது என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நிவாரண நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் படமும் தொகையும் இருந்திருக்கும். அந்த வீட்டில் இருந்தவனின் உறவினன் அவள் முன் வந்து, 'அம்மா, உங்கள் வீடு இரண்டு ஆண்டுகள் நின்றது. அதில் இரண்டு மாரி நனையாமல் படுத்தார்கள். பின்பு போர் கொண்டுபோய்விட்டது' என்று சொல்வதற்கு ஈடாகாது அது. அவள் மனம் நோகும் என்று அஞ்சுவோர், சுரங்கத்தில் மகனை இழந்த ஊரையும், பயணக் கடனை இருபது ஆண்டுகள் கட்டிய மக்களையும் அறியாதவர்கள். கொடுத்தது அழிந்துபோகலாம் என்பதை அறிந்தே கொடுத்தவர்கள் அவர்கள்.

நாள் கடத்துவதற்கு இனி இடமில்லை. ரொறன்ரோவின் பழைய தேவாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதை நாம் கண்முன்னே காண்கின்றோம். சில சபைகள் ஒன்றிணைகின்றன. சில கட்டடங்கள் விற்கப்பட்டுத் தொடர்மாடிக் குடியிருப்புகளாகின்றன. நூறு பேர் நிறைந்திருந்த வாங்குகளில் இருபது முப்பது நரைத்த தலைகள். 1925இல் இதே ரொறன்ரோ நகரில் உருவான ஐக்கிய திருச்சபை தன் நூற்றாண்டை 2025இல் கண்டபோது, அதன் பல சபைகள் கதவடைப்பதைப் பற்றிய பேச்சிலேயே இருந்தன. 2005 ஜனவரியில் உறையில் பணம் வைத்தபோது எழுபது வயதாயிருந்தவர் இன்று இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். நன்றி பெறவேண்டியவர்களே இல்லாது போகும் காலம் நெருங்கிவிட்டது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை ஊடறுத்துச் சென்று 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மலையகத்தில் மண் சரிந்து லயன்கள் புதையுண்டன. மீண்டும் கனடிய தேவாலயங்களின் நிவாரண அமைப்புகள் உதவி கோரின. இருபது ஆண்டுகளுக்கு முந்திய நன்றிக் கடன் நிலுவையில் இருக்கையில் அடுத்த உதவியைப் பெறுகின்றோம் என்பதை எமது ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும், கோவில் பரிபாலன சபைகளும் சிந்திக்கவேண்டும்.

எமது யோசனை எளியது. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், நினைவுக் கேடயம் வேண்டாம். ஒவ்வொரு சங்கமும் தன் அயலிலுள்ள ஒரு தேவாலயத்தைத் தெரிவு செய்யட்டும். வாரநாளில் அதன் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிறு ஆராதனையில் அறிவித்தல்கள் வாசிக்கும் வேளையில் மூன்று நிமிடம் தரமுடியுமா எனக் கேட்டால் மறுக்கும் போதகர் அரிது. நால்வர் ஐவர் போதும். அவர்களில் ஒருவராவது கடற்கரை ஊரவராக இருத்தல் நலம். ஆங்கிலம் தடுமாறினாலும் அவரே பேசட்டும். இங்கே பிறந்த பிள்ளை பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கட்டும். அதனால் பிள்ளைக்கும் தன் ஊர்க்கதை தெரியவரும். ஊரின் பெயரைச் சொல்லுங்கள், எத்தனை குடும்பங்கள் இருந்தன, இன்று எத்தனை இருக்கின்றன என்று சொல்லுங்கள். பெற்றது எது, கிடைக்காதது எது, அழிந்தது எது என்று ஒளிக்காமற் சொல்லுங்கள். அன்றைய தினம் எந்தத் திட்டத்துக்கும் பணம் கேட்கலாகாது. கேட்டால் வந்ததே பயனற்றதாகும். காணிக்கைத் தட்டு உங்கள் வரிசைக்கு வரும்போது மட்டும் கையை மடக்கிக்கொண்டிராதீர்கள்.

ஆராதனை முடிந்ததும் வாகனத்தை நோக்கி விரையவும் வேண்டாம். கீழ்மண்டபத்தில் கோப்பி பரிமாறுவார்கள். வீட்டிலிருந்து ஒரு பெட்டி பயற்றம் பணியாரமோ வடையோ கொண்டு சென்றால் அந்த மேசையில் வைக்கலாம். அங்கேதான் யாராவது ஒரு முதியவர் அருகில் வந்து, அந்த நத்தாருக்கு மறுநாள் காலை தாம் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைச் சொல்லத் தொடங்குவார்.